ஜெல்லி மீனுக்குக் கண் எங்கே?

வைத்திக்குப்பம் வாசி
8 பிப்ரவரி 2025, இரவு 9.40

பையன் யுகேஜி. சாயங்காலம் புதுச்சேரி பீச் ரோட்டில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணலில் விளையாட விட்டிருந்தேன். கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒன்று கிடந்தது. ஜெல்லி மீன் என்றேன். "கண் எங்கேப்பா?" என்றான். அப்புறம் வாய் எங்கே, வால் எங்கே, செதில் எங்கே. ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினால் அது மீனே இல்லையாம். மீன் இல்லாததற்கு எதற்கு மீன் என்று பேர்? ஐந்து வயதுக்குப் புரிகிற மாதிரி பத்து வரியில் யாராவது எழுதுங்களேன்.

கெடிலக்கரை
8 பிப்ரவரி, இரவு 10.25

பத்து வரிதானே. கடலூரில் ஒரு மீனவர் குப்பத்தில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துகிறேன். என் பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால் இப்படிச் சொல்வேன்:

ஜெல்லி மீன் மீன் இல்லை. அதற்கு எலும்பு இல்லை. மூளை இல்லை. இதயம் இல்லை. ரத்தம் இல்லை. செவுள் இல்லை. கண் இல்லை. உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். இருப்பது ஒரே வாசல், சாப்பிடுவதும் அதன் வழியே, கழிப்பதும் அதன் வழியே. 50 கோடி வருஷமாகக் கடலில் இருக்கிறது, டைனோசருக்கெல்லாம் மூத்தது. தொட்டால் கொட்டும்.

கெடிலக்கரை
8 பிப்ரவரி, இரவு 11.05

பேர் விஷயம் விட்டுப்போச்சு. "மீன்" ஆங்கிலப் பேரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. நட்சத்திர மீனுக்கும் இதே கதைதான். பாடப் புத்தகத் தமிழில் இழுதுமீன் என்று எழுதுகிறார்கள், அதிலும் மீன் போகவில்லை. நம் கரையில் அதற்குப் பேர் சொறி. சொறிமுட்டை என்றும் சொல்வார்கள். பையனிடம் சொறி என்றே சொல்லுங்கள், செதில் எங்கே என்ற கேள்வி வராது.

கெடிலக்கரை
10 பிப்ரவரி, மாலை 5.15

மேலே எழுதிய பத்து வரியை யாரும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்று வகுப்பில் அப்படியே சொன்னேன். மூளை இல்லை, இதயம் இல்லை, ரத்தம் இல்லை என்று அடுக்கி முடித்ததும் ஒரு ஒன்றாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "அப்ப அது செத்துப்போச்சா டீச்சர்?"

நியாயம்தானே. இதயம் நின்றால் செத்துப்போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இதயமே இல்லை என்று நான் போய்ச் சொன்னால்?

பின் வரிசையிலிருந்து ஒருவன், "டீச்சர், நீ சொல்றது சொறிதான? எங்கப்பா வலைல கூட கூடயா வரும். வலைய உதறும்போது கண்ல தெறிச்சு எங்கப்பாக்கு மூஞ்சி வீங்கிப்போச்சு" என்றான். அதற்கப்புறம் பாடம் நடத்தியது அவன்தான். எந்த மாதத்தில் அதிகம் வரும், வலை கனத்து இழுக்க முடியாது, மீனோடு கலந்து வந்தால் பொறுக்கி எடுப்பதற்குள் கை எரியும், எல்லாம் சொன்னான். நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இல்லை" என்ற சொல்லை ஏழு முறை போட்டு ஒரு உயிரை அறிமுகப்படுத்த முடியாது என்று இன்றைக்குத்தான் புரிந்தது. அது என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். நாளைக்குக் குடை எடுத்துப் போகிறேன்.

கெடிலக்கரை
11 பிப்ரவரி, மாலை 6.30

குடை வேலை செய்தது, நான் நினைத்த விதத்தில் இல்லை.

கறுப்புக் குடையின் ஓரத்தில் ரிப்பன்களைக் கட்டித் தொங்கவிட்டேன். குடைத்துணி உடம்பு, ரிப்பன் இழைகள், கைப்பிடி இருக்கும் இடத்தில் வாய். விரித்து விரித்துக் காட்டி, "பாருங்க, இப்படி விரியும்போது முன்னாடி போகும்" என்றேன். முதல் பெஞ்சில் கைப்பிடிப் பக்கம் உட்கார்ந்திருந்தவள், "விரிக்கும்போது இல்ல டீச்சர், மூடும்போதுதான் காத்து என் மூஞ்சில அடிக்குது" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. குடை சுருங்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் பின்பக்கம் பீய்ச்சிப் போகிறது, சொறி எதிர்ப்பக்கம் நகர்கிறது. பலூனில் காற்றை ஊதிக் கட்டாமல் விட்டால் ஓடுகிறதே, அதுதான். திரும்ப விரிவதற்குத் தசை தேவையில்லை, நடுவில் இருக்கும் அந்த நுங்கு மாதிரிப் பகுதி தானாகவே பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அப்படி விரியும்போதும் சுழலும் தண்ணீரால் இன்னொரு சின்னத் தள்ளு இலவசமாகக் கிடைக்கிறது என்று 2013இல் நிலா ஜெல்லி என்ற வகையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆக நான் சொன்னதும் முழுப் பொய் இல்லை. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை, அவள் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தாள்.

மூளை இல்லாமல் எப்படி என்பதற்கு ஒரு ஆட்டம். எல்லாரும் வட்டமாகக் கை கோத்து நிற்க வேண்டும், லீடர் கிடையாது. யார் தோளையாவது நான் தொட்டால் அவர் பக்கத்துக் கைகளை அமுக்க வேண்டும், அமுக்கப்பட்டவர் அடுத்தவரை. கை கைக்குப் போய் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். சொறிக்கு நரம்பு உண்டு, வலை மாதிரி உடம்பெல்லாம் பரவியிருக்கும், உத்தரவு போட நடுவில் ஒருத்தர் இல்லை, அவ்வளவுதான். "வலை மாதிரி" என்றதும் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

கெடிலக்கரை
11 பிப்ரவரி, இரவு 9.00

இதயம் என்ன ஆச்சு என்று கேட்டவருக்கு: சுருங்கி விரிகிற குடையைப் பார்த்து அதே ஒன்றாம் வகுப்புப் பெண், "அதுவே லப்டப்பா டீச்சர்?" என்றாள். ஆமாம் என்றுவிட்டேன். ரத்தமே இல்லாததற்கு இதயம் எதற்கு என்பதெல்லாம் அஞ்சாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளட்டும்.

கெடிலக்கரை
15 பிப்ரவரி, காலை 7.20

கேரிபேக் சோதனை. செய்து பார்த்து வருந்தியது, அதனால் எழுதுகிறேன்.

பெரிய அன்னக்கூடையில் தண்ணீர், வெள்ளை கேரிபேக் ஒன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை என்று பேர், மீன் வாங்கப் போனால் இன்னும் அதில்தான் போட்டுத் தருகிறார்கள். பையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மெல்ல ஆட்டினால் அசல் சொறி. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கும் பெருமை. ஆமைகள் இப்படித்தான் ஏமாந்து பையை விழுங்குகின்றன என்று ஒரு வரி சேர்த்தேன். சொறி ஆமைக்குச் சாப்பாடு, பெருந்தோணி ஆமையெல்லாம் பெரும்பாலும் அதைத் தின்றே அவ்வளவு பெரிதாக வளர்கிறது.

"போன மாசம் கரைல ஆமை செத்துக் கிடந்துச்சே, அதுவும் பை தின்னுதான் செத்துச்சா?" என்று ஒருவன் கேட்டான்.

ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமை செத்து ஒதுங்கியது எல்லாருக்கும் தெரியும். அவை பெரும்பாலும் வலையில் மாட்டி, மூச்சு வாங்க மேலே வர முடியாமல் செத்தவை. இழுவலை. கேட்ட பையனின் அப்பா இழுவைப் படகில் போகிறவர். "எல்லா ஆமையும் பை தின்னு சாகிறது இல்ல" என்று பாதியில் நிறுத்திவிட்டேன். இது நேர்மையா என்று இன்னும் தெரியவில்லை. ஆறு வயதில் அப்பாவின் வேலையைக் குற்றமாகக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. இனி கரையில் மிதக்கும் பையைப் பார்த்தால் இந்தப் பிள்ளைகள் சொறி என்று நினைக்குமோ, சொறியைப் பார்த்தால் பை என்று நினைத்து எடுக்குமோ? இரண்டாவதுதான் பயம். வெள்ளைக் கைக்குட்டையை வைத்துச் செய்யுங்கள். கொஞ்சம் அழகு குறையும், பரவாயில்லை.

கெடிலக்கரை
17 பிப்ரவரி, இரவு 10.10

கொட்டினால் வினிகர் ஊற்றச் சொல்லி யாரோ போட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

எனக்கே கொட்டியிருக்கிறது. பத்தாவது படிக்கும்போது, மாசி மகம், தேவனாம்பட்டினம். சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து கடற்கரையே தலையாக இருந்தது. முழங்கால் தண்ணீரில்தான் நின்றேன். கணுக்காலில் சூடு வைத்த மாதிரி சுரீர் என்றது. குனிந்து பார்த்தால் நூல் மாதிரி ஏதோ சுற்றியிருக்கிறது. ஆயா ஓடிவந்து ஈர மணலை அள்ளிப் பரபரவென்று தேய்த்தது. அன்பாகத்தான். எரிச்சல் முழங்கால் வரைக்கும் ஏறியது. அப்புறம் ஒரு தாத்தா சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு மூத்திரம் பெய்யச் சொன்னார். அதற்கு நான் நடக்க முடியாத காலோடு ஓடிவிட்டேன்.

தேய்த்தது ஏன் தப்பு என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு இழையிலும் ஆயிரக்கணக்கில் கொட்டும் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி முள், சுருட்டி வைத்த நூலோடு. தொட்டதும் பாய்ந்து வெளியே வரும், ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட ஆகாது. காலில் சுற்றிய இழையில் நிறைய செல்கள் இன்னும் சுடாமல் இருக்கும். தேய்த்தால் அவையும் சுடும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் சுடும். எனவே கடல் தண்ணீரால் அலசி, வெறுங்கையால் தொடாமல் இழையை எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் இருபது நிமிஷம் வைப்பது. மூச்சு முட்டினால், வாந்தி, நெஞ்சு வலி என்றால், சின்னப் பிள்ளையாக இருந்தால், ஆஸ்பத்திரி.

வினிகர் பெட்டி வடிவச் சொறிக்கு நல்லது. நீலப்பை மாதிரி மிதக்கிற ஒன்று இருக்கிறதே, அதற்கு வினிகர் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எது கொட்டியது என்று அலையில் நின்றுகொண்டு யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளுக்கு ஒரே வரி போதும்: செத்த சொறியும் கொட்டும். சொறி செத்தாலும் அந்த முள்ளுக்குச் சாவு கிடையாது, யாராவது தொட்டால் போதும்.

கெடிலக்கரை
18 பிப்ரவரி, காலை 6.00

ராத்திரி தூக்கம் வராமல் தோன்றியது. காஞ்சொறி. வேலியோரச் செடி, இலை பட்டால் தடித்துப்போய் அரிக்குமே. காஞ்சொறியில் இருக்கிற சொறிதான் கடல் சொறியிலும் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் குழியுடலிகள் என்று போட்டிருக்கும் இந்தக் கூட்டத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பேர் நிடேரியா. அது கிரேக்கச் சொல், கொட்டுகிற செடி என்று பொருள். கிரேக்கத்தில் ஒருவருக்கும் நம் கரையில் ஒருவருக்கும் ஒரே மாதிரிச் செடி ஞாபகம் வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் நன்றாகக் கொட்டியிருக்க வேண்டும்.

கெடிலக்கரை
22 பிப்ரவரி, மாலை 4.40

கண் விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன். வைத்திக்குப்பம் வாசி மன்னிக்கவும், உங்கள் பையன் கேட்டதே அதுதான்.

பல சொறிகளுக்குக் குடையின் ஓரத்தில் வெளிச்சம் இருட்டு தெரிகிற புள்ளிகள் உண்டு. பெட்டிச் சொறிக்கோ 24 கண், நாலு பக்கமும் ஆறு ஆறாக. அதில் சிலவற்றுக்கு நம் கண்ணைப் போல லென்ஸே இருக்கிறது. கரீபியன் கடலில் சதுப்புநில வேர்களுக்கு நடுவே வாழும் விரல் நுனி அளவு பெட்டிச் சொறி ஒன்று, முட்டிக்கொண்டு முட்டிக்கொண்டு வேரை விட்டு விலகக் கற்றுக்கொள்கிறது என்று 2023இல் காட்டினார்கள். மூளை இல்லாமலே. எங்கள் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் படகு ஓட்டப் பழகுகிறவர்களும் இப்படி முட்டித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

படத்தில் பார்க்கிற நிலா ஜெல்லிக்கு நடுவில் நாலு வளையம் இருக்கும். என் வகுப்பில் எல்லாரும் அதைத்தான் கண் என்றார்கள். அது கண் இல்லை, முட்டை உண்டாகிற இடம்.

கெடிலக்கரை
22 பிப்ரவரி, மாலை 4.55

தூங்கும். அதையும் கேட்டார்கள். தலைகீழாகக் கடல் தரையில் படுத்திருக்கும் ஒரு வகை, ராத்திரியில் துடிப்பைக் குறைத்துக்கொண்டு தூங்குகிறது என்று 2017இல் கண்டார்கள். தூங்க விடாமல் தொந்தரவு செய்தால் மறுநாள் சோர்ந்து கிடக்குமாம். இதைச் சொன்னதும் ஒன்றாம் வகுப்பு முழுக்கச் சொறி மாதிரி தரையில் படுத்துவிட்டது. எழுப்ப மனசில்லை, எனக்கும் அன்றைக்குத் தலைவலி.

கெடிலக்கரை
1 மார்ச், இரவு 8.30

குட்டி எப்படிப் பிறக்கும்? இதற்கு ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். சமையலறையில் பதில் இருந்தது.

முட்டையிலிருந்து வருவது சொறி மாதிரியே இருக்காது. மிதந்து போய்ப் பாறையிலோ கிளிஞ்சலிலோ ஒட்டிக்கொண்டு, சின்னச் செடி மாதிரி நிற்கும். காலம் வரும்போது அந்தத் தண்டு குறுக்கே வளையம் வளையமாகப் பிரியும், சாஸர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி. மேல் சாஸர் துடிதுடித்துப் பிய்த்துக்கொண்டு நீந்திப் போகும். அப்புறம் அடுத்தது. ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சொறி. இட்லித் தட்டு ஸ்டாண்டைக் கொண்டுபோய் மேலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கழற்றிக் காட்டினேன். மறுநாள் ஒரு அம்மா வந்து, "எங்க வூட்டு இட்லித் தட்டெல்லாம் நீந்துதுன்னு சொல்றான் டீச்சர், நீங்க இன்னா சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டது.

சாகாத ஜெல்லி பற்றியும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் ஒரு வகை, அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ திரும்ப அந்தப் பாறையில் ஒட்டுகிற பருவத்துக்கே போய்விடும். "அப்ப மறுபடியும் பால்வாடிக்குப் போவணுமா?" என்றான் சொறிப் பாடம் நடத்தியவன். ஆமாம், சத்துமாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றேன். சாகாதது என்பது கொஞ்சம் அதிகப்படி, மீன் விழுங்கினால் அதுவும் போச்சுதான்.

கெடிலக்கரை
2 மார்ச், மதியம் 2.15

ஞாயிறு, கொஞ்சம் அலைகிறேன்.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியதே, அது ஜெல்லி மீன் இல்லை. நாக்டிலூகா என்ற மிகச் சின்ன நுண்ணுயிர். ஆனால் ஒளிர்கிற ஜெல்லியும் உண்டு, அமெரிக்காவின் மேற்குக் கரையில். அதிலிருந்து பச்சையாக ஒளிர்கிற புரதம் ஒன்றை எடுத்தார் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானியர். 1961இல் ஆரம்பித்துப் பல வருஷக் கோடைகளில் லட்சக்கணக்கில் வலை போட்டுப் பிடித்தார், மனைவி பிள்ளைகளும் கூடவே நின்று பிடித்திருக்கிறார்கள். 2008இல் வேதியியல் நோபல் வந்தது. அடுத்த வருஷம் அதே பரிசு சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு. என் தம்பி சிதம்பரத்தில் படித்தவன், இரண்டாவதை மட்டும்தான் சொல்வான்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் சொறி தலைவலி, கடல் தண்ணீரை உள்ளே இழுக்கிற இடத்தில் கூட்டமாக வந்து அடைத்துக்கொள்ளும். 1991இல் நாசா 2,000க்கும் மேல் குட்டி ஜெல்லிகளை விண்வெளிக்கு அனுப்பியது. சீனாவில் உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்திச் சாப்பிடுகிறார்கள், நம் கிழக்குக் கரையிலிருந்தும் அதற்குப் போகிறது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் முகம் சுளித்த வேகம் கருவாட்டுச் சட்டி வைத்திருக்கும் வீடுகளுக்குக் கொஞ்சம் அதிகம்.

கெடிலக்கரை
5 மார்ச், மாலை 5.50

இல்லை, ஜெல்லி மிட்டாய் சொறியில் செய்வது இல்லை. மூன்று நாளாக இதே கேள்வி, பெட்டிக்கடை வியாபாரம் படுத்துவிட்டதாம். நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசியும் சொறி இல்லை, அது செடி மாதிரியான பாசி.

கெடிலக்கரை
16 மார்ச், இரவு 7.45

கடைசியில் கரைக்கே கூட்டிப்போனேன். இன்று காலை ஏழு மணி, எட்டுப் பிள்ளைகள், இரண்டு அம்மாக்கள், ஆளுக்கொரு குச்சி. விதி ஒன்றுதான்: குச்சி தொடலாம், கை தொடக் கூடாது.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை, கிளிஞ்சலும் ஒற்றைச் செருப்பும். அப்புறம் சொறிப் பாடம் நடத்துகிறவன் கூப்பிட்டான். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்று, பழுப்பு வெள்ளை, வெயில் பட்டு நுங்கு மாதிரி மின்னியது. குச்சியால் புரட்டி அடியில் வாய் இருக்கும் இடத்தைப் பார்த்தோம். ஓரத்தில் கண் தேடினோம், கிடைக்கவில்லை, மணல் அப்பியிருந்தது. பாரைக்குஞ்சுகள் உயிரோடு இருக்கும் சொறியின் குடைக்கடியில் ஒளிந்துகொண்டே கூட நீந்தும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான், அப்பா படகில் பார்த்திருக்கிறானாம். நான் புத்தகத்தில் படித்தது.

யாரும் மிதித்துவிடக் கூடாது என்று சுற்றிலும் எட்டுக் குச்சியையும் நட்டுவிட்டு வந்தோம். அவன் காலடி வைத்து அளந்தான், குதிகாலும் கட்டைவிரலும் தொட அவன் பாதத்துக்கு ஒன்றரை.

மதியம் மூன்றரைக்கு அவனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். குச்சிகள் அப்படியே நின்றன. நடுவில் பால் காய்ச்சினால் மேலே படியுமே, அந்த ஆடை மாதிரி ஒரு படலம், அவ்வளவுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று நான் எழுதிய அந்த முதல் நாள் கணக்கு மணலில் இறங்கிப் போயிருந்தது. அவன் மறுபடியும் காலடி வைத்துப் பார்த்தான். அகலம் குறையவில்லை, தடிமன்தான் இல்லை.

"இதுகூட நாளைக்கு இருக்காது டீச்சர், ராத்திரி நண்டு வந்து தின்னுடும்" என்றான். குச்சிகளைப் பிடுங்கலாமா என்று கேட்டேன். "வேணாம், இன்னும் கொட்டும்" என்றான்.